நான்காவது ரேஸில் லேடி

போன வாரம் திங்கட்கிழமை காலை. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது.

வண்டி இருந்தது. குதிரை இல்லை!

குதிரை நிற்க வேண்டிய இடத்தில், ஏர்க்கால்கள் இரண்டையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு, சூசையம்மாள் நின்றாள். தன் வீட்டிலிருந்து எங்கள் தெரு வரை அப்படியே இழுத்து வந்திருக்கிறாள். மேல்மூச்சு வாங்கியது. தெருவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"உள்ள வா, சூசையம்மா. மொதல்ல தண்ணி குடி."

"தண்ணி குடிக்க வரல அண்ணாச்சி. என் குதிரையப் பத்திப் பேப்பர்ல எழுதுனீயள்லா? அதக் கொண்டுபோயிட்டாக. இப்ப வண்டிய யாரு இழுப்பா? அதக் கேக்கத்தான் வந்தேன்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது வந்த கோபம் இதை எழுதும் நிமிஷம் வரை இறங்கவில்லை. ஆகவே இந்த வாரம் வழக்கமான சிரிப்பையும் கிண்டலையும் எதிர்பார்க்காதீர்கள்.

சூசையம்மாளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஊரில் ஜட்கா ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். வண்டி அவள் புருஷன் சந்தியாகுவுடையது. அவன் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து மலேயாவுக்குக் கப்பல் ஏறினான். சிங்கப்பூர் விழுந்தது. அதோடு சரி... ஆள் இருக்கிறானா, இல்லையா, ஜப்பான்காரன் பிடித்து வைத்திருக்கிறானா — ஒரு தகவலும் இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். வாடகைக்கு ஓட்ட வந்தவர்கள் குதிரையை அடித்தே கொன்றுவிடுவார்கள் போலிருந்தது. ஒரு நாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே ஏறி உட்கார்ந்து லகானைப் பிடித்தாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு, பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வீடுகளெல்லாம் அவள் வண்டியைத் தேட ஆரம்பித்தன.

அந்தக் குதிரையின் பெயர் லேடி. ஒரு வெள்ளைக்கார வீட்டில் குழந்தைகளின் வண்டியை இழுத்த குதிரை. அவர்கள் சீமைக்குத் திரும்பியபோது சந்தியாகு வாங்கினான். பெயரையும் சேர்த்தே வாங்கிவிட்டான். "லேடி, லெப்ட்ல போ" என்று அவன் தமிழில் சொன்னாலும் அது இங்கிலீஷில் புரிந்துகொள்ளும் என்று ரயிலடியில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

சரி, நான் என்ன எழுதினேன்?

உப்பளங்களுக்கு அப்பால் இருக்கிற மணல் பொட்டலில் சனிக்கிழமை யுத்த நிதிக்காகக் குதிரைப் பந்தயம் என்று கமிட்டி போட்டார்கள். நான் சில வருஷம் சென்னையில் இருந்தவன். சனிக்கிழமையானால் கிண்டி ரேஸுக்கு ஓடியவன். ஆகவே எந்த ரேஸில் எந்தக் குதிரை வரும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னார்கள். கேட்டதே கமிட்டிதான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கிண்டி எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றுதான். குதிரைக்காரரின் தலைப்பாகையைப் பார்க்காதே. குதிரையின் காலைப் பார்.

விடியற்காலையில் பொட்டலுக்குப் போய் ஒவ்வொரு குதிரையாகப் பார்த்தேன். எழுதினேன். முதல் ரேஸ் துரைமார்கள் ரேஸ் — மில் துரையின் செவலைக் குதிரைக்கு எதிரி கிடையாது. இரண்டாவதில் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவரின் அரபிக் குதிரை, பாண்டு வாத்தியத்துக்கு மிரளாமல் இருந்தால். மூன்றாவதில் ஓடுவன சின்னச் சின்ன மட்டக் குதிரைகள். எது வந்தாலும் கைதட்டுங்கள். நான்காவது, ஜட்கா ரேஸ். வண்டியோடு ஓட வேண்டும். இதில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதினேன் — லேடி!

ஏன்? மற்றவை ரோட்டுக் குதிரைகள். குளம்பு மணலில் புதைந்ததும் அவற்றுக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. லேடி தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரை மணல் பாதையில் போய் வருகிறவள். மணலில் அவள் நடந்தால் நாம் சிமெண்ட் தரையில் நடப்பது போல் இருக்கும்.

இந்த ரேஸுக்குப் பரிசு கோப்பை இல்லை. ஹார்பர் கேட் ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வருஷத்துக்கு முதல் இடம். இப்போது ஹார்பரில் கப்பலும் பட்டாளமும் நிற்கிற நிற்பில் அந்த முதல் இடம் கிடைத்தால் ஒரு குடும்பம் கவலையில்லாமல் சாப்பிடும். பெட்ரோலும் கிடையாது, ஜட்காவை விட்டால் வேறு கதியும் கிடையாது.

நான் எழுதியது பந்தயத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சூசையம்மாள் பிள்ளைகளோடு மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரம். வண்டிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் இரண்டு ஆட்களோடு அவள் வீட்டுக்கு வந்தார். கட்டியிருந்த குதிரையைப் பார்த்தார். "பின்னங்கால் நொண்டுகிறது" என்றார். அவிழ்த்துக் கொண்டுபோய், தெருவில் அலையும் மாடுகளை அடைக்கிற பவுண்டில் அடைத்துவிட்டார். வண்டியிலிருந்த நம்பர் தகட்டையும் கழற்றிக்கொண்டு போனார்.

கட்டிப்போட்டிருந்த குதிரை எப்படி நொண்டியது என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்கப் போனேன். சூசையம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி காட்டினார். எனக்கு மட்டும்.

"பேப்பர்ல உங்க பத்திய விடாம படிக்கிறேன் சார். ரொம்ப ருசியா எழுதுறீங்க."

"எந்தக் கால் சார் நொண்டுது?"

"பின்னங்கால்."

"வலதா, இடதா?"

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடித் திறந்தார். "அதை மாட்டு டாக்டர்தான் சொல்லணும்."

"டாக்டர் எப்ப வருவார்?"

"அடுத்த திங்கட்கிழமை கேம்ப் வர்றார்."

"பந்தயம் சனிக்கிழமைல்லா?"

"அப்படிங்களா சார்?" என்றார்.

அப்படிங்களா சார்! பந்தயத்தின் அழைப்பிதழ் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மஞ்சள் அட்டை, தங்க எழுத்து.

சூசையம்மாள் நின்றபடியே சொன்னாள். "சார், அது நொண்டுச்சின்னா நான் பிள்ளையள அதுல ஏத்துவனா? இங்கன கொண்டுவந்து நடத்திப் பாருங்க. நொண்டுனா நானே வித்துப்போடுதேன்."

"ரூல்ஸ்ல அதுக்கு இடமில்லம்மா."

முரடன் ஒருவன் நம் பொருளைப் பறித்தால் போராடலாம், கத்தலாம், நாலு பேரைக் கூப்பிடலாம். மரியாதையாகப் பேசி, நாற்காலி போட்டு, ரூல்ஸ் சொல்லிப் பறிக்கிறவனை என்ன செய்வது? அவன் குரலைக்கூட உயர்த்த மாட்டேன் என்கிறானே. கத்தினால் கத்தியவன்தான் குற்றவாளி.

அங்கிருந்து பவுண்டுக்குப் போனோம். லேடி ஏழெட்டு எருமைகளுக்கு நடுவில் சேற்றில் நின்றது. முன்னால் காய்ந்த வைக்கோல். பக்கத்தில் பாசி படிந்த தொட்டி. எஜமானியைப் பார்த்ததும் வேலி வரை வந்தது. நாலு காலும் நன்றாகத்தான் இருந்தன. சூசையம்மாள் ஊறவைத்த கொள்ளை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காவல்காரன் குறுக்கே வந்தான்.

"வெளித்தீனி போடக்கூடாதுன்னு உத்தரவு தாயி. நான் என்ன செய்ய? என் வேல போயிரும்."

பட்டினிபோட உத்தரவு! ரூல்ஸ் புஸ்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று யாராவது எனக்கு எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

அவள் அழவில்லை. வேலிக்குள் கையை விட்டு லேடியின் நெற்றியைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "நீங்க எழுதாம இருந்திருந்தா இத எவனும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். பேசாம வந்து, ஓடி, ஜெயிச்சிட்டுப் போயிருப்போம்."

உண்மை. உண்மையை எழுதினால் அதற்கான அடி எழுதியவன் மேல் விழாமல் எழுதப்பட்டவள் மேல் விழுகிறது. இது என்ன நியாயம்?

யார் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த ரேஸில் 'ராஜா' என்று ஒரு வெள்ளைக் குதிரையும் ஓட இருந்தது. அதன் சொந்தக்காரர் நம் ஊர் வண்டிப்பேட்டை முதலாளி. ரயிலடியில் நிற்கிற ஜட்காக்களில் பாதி அவருடையவை. பந்தயக் கமிட்டிக்கு அவர் உதவித் தலைவர். நேராக அவர் வீட்டுக்கே போனேன்.

ஐஸ் போட்ட கலர் சோடா வரவழைத்தார். ஆளைக் கூப்பிட்டு எனக்கு விசிறச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க படிச்சவுக. நான் சொல்லியா தெரியணும்? வெள்ளிக்கிழமப் பேப்பர்ல 'லேடி ஓடாது, ராஜாவுக்கே ஜெயம்'னு ரெண்டு வரி போட்டுருங்க. ஞாயித்துக்கிழம அந்தக் குதிர அதும் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரும்."

"அப்பம் கால் நொண்டல?"

"நான் அப்படிச் சொன்னனா?" சிரித்தார். "சனிக்கிழம நொண்டும்."

"ராஜா நல்ல குதிரதான, முதலாளி? ஒரு பொம்பளை ஓட்டுத குதிரைக்கு எதுக்குப் பயப்படுதீக?"

சிரிப்பு நின்றது. "பயமில்ல அண்ணாச்சி. நாளைக்கு என் வண்டிக்கு முன்னால ஹார்பர் கேட்ல ஒரு பொம்பளை வண்டி நிக்கணுமா? ஊரு என்ன பேசும்?"

கலரைத் தொடாமல் எழுந்து வந்தேன். வெள்ளிக்கிழமை நான் அந்த இரண்டு வரியை எழுதவில்லை. 'லேடி நொண்டவில்லை. பவுண்டில் பட்டினி கிடக்கிறது' என்று எழுதினேன். அச்சாகி வந்தபோது அந்த வரியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சோப்பு விளம்பரம் இருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. சென்னையிலிருந்து வருகிற ரயிலில் பந்தயத்துக்குப் பிரமுகர்கள் வருவதாக ஏற்பாடு. வரவேற்கக் கமிட்டி செகரெட்டரி மாலைகளோடு வந்திருந்தார். நல்ல மனிதர்தான், வக்கீல். ஆனால் பயந்தவர். நானும் போயிருந்தேன்.

ரயிலடி ஸ்டாண்டில் வரிசைக்கு முன்னால் ஒரு ஜட்கா நின்றது. குதிரை இல்லாத ஜட்கா. சூசையம்மாள் அதை இங்கேயும் இழுத்து வந்து முதல் இடத்தில் நிறுத்திவிட்டு, ஏர்க்காலில் சாய்ந்து நின்றாள்.

அவளுக்கு அடுத்த வண்டி காதர் என்பவருடையது. காயல்பட்டினத்துக்காரர். ஸ்டாண்டில் எல்லோரும் அவரைக் 'காதர் காக்கா' என்பார்கள்; அந்த ஊர்ப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். அவர் குதிரையும் நான்காவது ரேஸில் ஓட இருந்தது. லேடி இல்லாவிட்டால் அவருக்கும் லாபம்தானே?

"என்ன தங்கச்சி, வெறும் வண்டியக் கொண்டாந்து நிறுத்தியிருக்க?" என்றார்.

"எங்க நிறுத்தச் சொல்லுதிய காக்கா? இதான என் எடம்."

அவர் கொஞ்ச நேரம் அந்த வண்டியைப் பார்த்தார். இறங்கினார். தன் குதிரையை அவிழ்த்து வேலியில் கட்டினார்.

"அவ குதிரயப் பட்டினி போட்டுட்டு நான் ஓடி ஜெயிச்சா, வீட்ல போயி எப்படிச் சொல்லுவேன்?" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு பின்வரிசையைப் பார்த்து, "அவுருங்கவே" என்றார்.

ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. முதலாளியின் வண்டிகளை ஓட்டுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களும் கூலிக்காரர்கள். அவர்களில் ஒருவன் அவிழ்த்தான். அதன் பிறகு மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

ரயில் வந்தது. பிரமுகர்கள் இறங்கினார்கள். அவர்களுடைய சம்சாரங்கள், டிரங்குப் பெட்டிகள், கூஜாக்கள், ஒரு நாய். வெளியே வந்தால் ஜட்காக்கள் வரிசையாக மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. வெயில் ஏறுகிறது.

செகரெட்டரி காதரிடம் ஓடினார். "என்னவே இது? மானம் போவுது. பூட்டும்வே."

"சூசையம்மா குதிர வந்தா எல்லாக் குதிரயும் வரும் வக்கீலய்யா."

"அது நொண்டுதுன்னு இன்ஸ்பெக்டர்..."

"அப்பம் இன்ஸ்பெக்டர வந்து இழுக்கச் சொல்லும்."

செகரெட்டரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் இன்ஸ்பெக்டரிடம் ஆளை ஓட்டினார்.

அடுத்து நடந்ததைப் பார்க்க நீங்கள் எல்லோரும் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரமுகர் ஒருவர் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தபோது, தெருக்கோடியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் லேடி. டாக்டர் கேம்ப் வரவில்லை, ரூல்ஸ் மாறவில்லை. கால் மட்டும் சரியாகிவிட்டது. நம்பர் தகட்டை அவரே திருகி மாட்டினார்.

சூசையம்மாள் லேடியின் விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் எலும்பு தெரிகிறது. ஒரு கை கொள்ளு மட்டும் வைத்தாள். "வெறும் வயித்துல அள்ளிப் போட்டா வயித்தப் பிடிச்சிரும்" என்றாள்.

"இன்னைக்கு ஓட்ட வேண்டாம், சூசையம்மா" என்றேன்.

"ஓட்டாட்டா, நொண்டுச்சின்னு சொன்னது நெசம்னு ஆயிரும்லா? பூட்டிப் பாப்பேன் அண்ணாச்சி. முடியலன்னா அதுவே சொல்லும்."

சாயங்காலம் நான்காவது ரேஸ். மற்ற ரேஸ்களில் நான் சொன்னது பலித்தது, அரபிக் குதிரை நீங்கலாக. அது பாண்டுச் சத்தம் கேட்டுக் கடல் பக்கமாக ஓடிவிட்டது.

கொடி இறங்கியதும் லேடி கிளம்பிய கிளம்பலை என்னவென்று சொல்வேன்! மணல் தெறிக்கவில்லை. சக்கரம் தரையில் படுகிறதா என்றே சந்தேகம். திருப்பம் வரை முன்னால் லேடி, பின்னால் காதரின் குதிரை, அதற்கும் பின்னால் ராஜா. ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் எதன் மேலோ ஏறி நின்றேன்.

திருப்பத்தில் லேடியின் தலை தாழ்ந்தது. ஒரே ஒரு முறை. அவ்வளவுதான், சூசையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையில் சாட்டை இருந்தது. இரண்டு வீச்சு வீசியிருந்தால் மிச்ச தூரத்தையும் ஓடி முடித்துவிட்டு அது விழுந்திருக்கலாம். அவள் சாட்டையை வண்டிக்குள் போட்டாள். லகானை மெல்ல இழுத்தாள். காதர் தாண்டினார். ராஜா தாண்டியது. எல்லாமே தாண்டின. லேடி நடந்து வந்தது. கடைசியில், நொண்டாமல்.

ராஜாதான் ஜெயித்தது. அதன் முதுகில் சாட்டைத் தடம் சிவப்பாகத் தெரிந்தது. காதர் ஒரு மூக்கு நீளத்தில் இரண்டாவது.

"என்ன சார், உங்க லேடி கைவிட்டுட்டாளே?" என்று அன்றிலிருந்து என்னைக் கேட்காத ஆள் இல்லை. உங்களுக்கெல்லாம் ஒரே பதில். நான் குதிரையைக் கணித்ததில் தவறு இல்லை. மனிதர்களைக் கணிக்க எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கிண்டியில் பாடம் நடத்துவதில்லை.

பரிசளிப்பில் முதலாளிக்கு மாலை போட்டார்கள். கமிட்டிக்காரருக்குக் கமிட்டி கொடுத்த பரிசு. அவர் மைக் முன்னால் நின்று, கடல் கடந்து போராடும் நம் வீரர்களையும், இங்கே அவர்கள் வரவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்களையும் நாம் கண் போலக் காக்க வேண்டும் என்றார். கைதட்டல். பந்தலுக்கு வெளியே அந்தக் குடும்பங்களில் ஒன்று ஈரச் சாக்கால் குதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

மேடையில் ஏறி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மைக்கை அதற்குள் பாண்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இங்கே சொல்கிறேன். இந்த முறை சோப்பு விளம்பரம் வராமல் இருக்க, அச்சுக்கூடத்தில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

கூட்டம் கலைந்தது. முதலாளியின் வண்டிகள் பிரமுகர்களை ஏற்றிக்கொண்டு போயின. இன்ஸ்பெக்டரும் ஒன்றில் கால் வைத்தார். "இடமில்ல சார், அடுத்ததுல வாங்க" என்றார்கள். அடுத்ததிலும் இடமில்லை. அதற்கடுத்து வண்டியே இல்லை. வேலை முடிந்துவிட்டதே, இனி இன்ஸ்பெக்டர் எதற்கு?

அவர் காதரைப் பார்த்தார். காதர் குதிரையின் வாயைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கி லேடியிடம் வந்தார்.

"டவுனுக்குத்தானே போறே, அம்மா? என்னையும் ஏத்திக்கோ."

சூசையம்மாள் வண்டியில் ஏறவில்லை. லகானைப் பிடித்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"நானே ஏறல சார். இது சாப்பிட்டு ஒரு வாரமாச்சு. நீங்க நடந்துருங்க."

பொட்டலிலிருந்து ஊர் நல்ல தூரம். வழி முழுக்க மணல்.

நானும் நடந்துதான் வந்தேன். அவரோடு அல்ல.